கழிவு ஊடகமா, வளர்களமா?

நண்பர்களே,

வேளாண் கழிவிலும் உணவு ஆலைக் கழிவிலும் நன்மை செய்யும் பாக்டீரியாவை வளர்க்கிறார்களே, அந்த வளர்ப்புப் பொருளுக்குக் 'கழிவு ஊடகம்' என்ற சொல் முன்வைக்கப்பட்டிருக்கிறது. எனக்கு உடன்பாடில்லை. இன்று ஊடகம் என்றால் தொலைக்காட்சியும் செய்தித்தாளும்தான் நினைவுக்கு வரும். முன்னால் கழிவு என்று வேறு போட்டால் படிப்பவர் சிரிப்பார், சிலர் ஆமோதிக்கவும் கூடும்.

அதைவிட முக்கியம், தொட்டியில் இருப்பது வெறும் கழிவு இல்லை. பாலாடைக்கட்டி எடுத்தபின் மிஞ்சும் தெளிநீரில் ஏறத்தாழ 5 விழுக்காடு லாக்டோஸ் என்ற பால் சர்க்கரை இருக்கிறது. பாலைத் தயிராக்கும் லாக்டிக் அமில பாக்டீரியாவுக்கு அது விருந்து. ஆனால் பல அமினோ அமிலங்களையும் பி வைட்டமின்களையும் அவற்றால் தாமாக ஆக்கிக்கொள்ள முடியாது. ஈஸ்ட் சாறு போல ஏதாவது சேர்த்தால்தான் நன்றாகப் பெருகும். தவிட்டில் வேறு சிக்கல். அதிலுள்ள மாவுச்சத்தை இவற்றில் பெரும்பாலானவை தொடாது, நொதியால் முதலில் சர்க்கரையாக உடைத்துத் தர வேண்டும். அப்புறம், அவை விடும் அமிலமே ஒரு கட்டத்தில் அவற்றின் வளர்ச்சியை நிறுத்திவிடும். அந்த அமிலத்தை முறிக்கக் காரம் சேர்க்க வேண்டும். இந்த பாக்டீரியாவை ஆய்வகத்தில் வளர்க்கவென்று 1960இல் வெளியான எம்.ஆர்.எஸ். கலவையில் லிட்டருக்கு 20 கிராம் குளுக்கோஸ், கூடவே பெப்டோன், மாட்டிறைச்சிச் சாறு, ஈஸ்ட் சாறு எல்லாம் உண்டு. ஆய்வகத்துக்குச் சரி, டன் கணக்கில் கட்டுபடியாகாது. அந்தச் சரக்கில் ஒரு பகுதிக்கு மாற்றாகத்தான் கழிவு உள்ளே வருகிறது.

அதனால் 'வளர்களம்' என்கிறேன். குடிநீர் போல வினைத்தொகை. தெளிநீர் வளர்களம், தவிட்டு வளர்களம், கழிவுப்பாகு வளர்களம் என்று எதனோடும் ஒட்டும். நீர்மத்தைக் களம் என்பதா என்று கேட்பீர்கள். வேலை நடக்கும் இடம் களம்; ஈரமா உலர்வா என்று அந்தச் சொல் பார்ப்பதில்லை.

வளர்களத்தில் முதலில் இடும் சிறிதளவு பாக்டீரியாவுக்குப் புதுச்சொல் தேடவே வேண்டாம். உறை இருக்கிறது. குடம் நிறையப் பாலைத் திரிய வைக்கும் அந்தச் சிறு துளியைப் புறநானூறு 276ஆம் பாட்டு 'சில்லுறை' என்கிறது. கையுறை, தலையணையுறையோடு குழம்பும் என்றால் 'உறைநீர்மம்' எனலாம், ஆனால் இந்த இடத்தில் யாரும் குழம்பப் போவதில்லை.

வளர்களம் பிடிக்காதவர்களுக்கு 'ஊட்டக்கரைசல்' என்பதையும் ஒப்புக்கொள்வேன். ஈரத்தவிட்டில் வளர்க்கும் முறைக்கு மட்டும் அது பொருந்தாது.