மிக்ஸ்டெக் மண்பாண்டங்கள்: பார்த்தவர்கள், வாங்கியவர்கள் சொல்லுங்கள்

களிமண்_கிறுக்கு:
மெக்சிகோவின் வஹாக்கா நகரத்துக் கடைகளில் எல்லோரும் அள்ளுவது பளபளப்பான கறுப்புப் பானைகளைத்தான். அவை சாபோடெக் மக்களின் கைவேலை, சான் பார்தோலோ கொயோதெபெக் ஊரைச் சேர்ந்தவை. மிக்ஸ்டெக் என்ற இன்னொரு பழங்குடி மக்களின் சட்டி வேண்டுமென்றால் வடமேற்கே மலைப்பக்கம் ஏற வேண்டும். நோச்சிக்ஸ்ட்லானில் ஞாயிறுதோறும் கூடும் சந்தையில்தான் தொனால்தெபெக் ஊர்ச் சட்டிகளை முதலில் பார்த்தேன். செங்காவி உடம்பு முழுக்கக் கறுப்புத் திட்டுகள். சரியாக வேகாத சட்டியோ என்று சந்தேகம் வந்தது.

விஷயம் வேறு. திறந்தவெளியில் விறகடுக்கிச் சுடுகிறார்கள். சட்டி தணலாய்க் கொதிக்கும்போதே கழியால் வெளியே தூக்கி, ஓக் மரப்பட்டையைக் காய்ச்சிய சாற்றை அதன் மேல் விசிறி அடிக்கிறார்கள். பட்டையின் துவர்ப்பு அந்தச் சூட்டில் கருகி மண்ணோடு பிடித்துக்கொள்கிறது. எந்த இடம் எவ்வளவு கறுக்கும் என்பது வனைந்தவருக்கே தெரியாது. ஒன்றைப் போல இன்னொன்று அமையாது என்பதால்தான் சேகரிப்பவர்கள் மொய்க்கிறார்கள். ஆனால் திட்டை மட்டும் பார்த்து வாங்குவது எனக்கு ஒப்பவில்லை. சக்கரம் இல்லாமல் கையாலேயே எழுப்பிய சுவர் எவ்வளவு சீராக இருக்கிறது என்று விரலால் தடவிப் பாருங்கள், அங்கேதான் கைத்திறன்.

அடுப்பங்கரை_வாசி:
தயவுசெய்து கண்ணாடி அலமாரியில் பூட்டாதீர்கள், அது சமைக்கிற சட்டி! மெருகுப் பூச்சு கிடையாது, அதனால் அத்சோம்பா ஊரின் பழைய பச்சைப் பூச்சுப் பாத்திரங்களில் உள்ள காரீய நச்சுப் பயமும் இல்லை. நம் வீட்டுப் புதுச் சட்டி மாதிரி கஞ்சித்தண்ணீர் ஊற்றிப் பழக்கினேன். இப்போது பீன்ஸ் அதில்தான் வேகிறது.

பழசு_பிரியன்:
பழைய மிக்ஸ்டெக் வேலையைப் பார்க்க மெக்சிகோ நகரத் தேசிய மானுடவியல் அருங்காட்சியகம் போங்கள். வஹாக்கா பக்கத்துச் சாச்சிலா ஊரின் கல்லறையில் 1962இல் கிடைத்த சின்னஞ்சிறு வண்ணக் கிண்ணம் இருக்கிறது. விளிம்பில் நீலத் தேன்சிட்டு ஒன்று உட்கார்ந்திருக்கும். அதைப் பார்த்துவிட்டு வந்தால் கடை எதிலும் கண் போகாது.

ஒரு எச்சரிக்கை. சந்தை ஓரத்தில் ஒருவர் துணிக்குள்ளிருந்து வண்ணப் பானை ஓடுகளை எடுத்து, ‘கல்லறைச் சரக்கு’ என்று கிசுகிசுத்தார். போலியென்றால் காசு போச்சு, நிஜமென்றால் அதைவிட மோசம். மெக்சிகோவின் 1972 சட்டப்படி தொல்பொருள் எல்லாம் அந்த நாட்டின் சொத்து. விலைகூடக் கேட்காமல் நகர்ந்துவிட்டேன்.

களிமண்_கிறுக்கு:
அதுவே சரி. அப்புறம், கொண்டு வருவது எப்படி என்று தனியாகக் கேட்டவருக்கு: சட்டிக்கு உள்ளேயும் துணி திணியுங்கள், கைப்பையிலேயே வையுங்கள். பெரிய பெட்டியில் போட்டால் ஓடுதான் வந்து சேரும்.