பழைய ஏரி வரைபடச் சிப்பை நம்பி வாங்கலாமா?

கேள்வி (மில் லாக்ஸ் படகோட்டி):
மினசோட்டாவின் மில் லாக்ஸ் ஏரியில் மூன்று பருவங்களாக வால்ஐ மீன் பிடித்து வருகிறேன். அண்மையில், மீனையும் நீரின் ஆழத்தையும் திரையில் காட்டும் ஹம்மின்பேர்ட் ஹீலிக்ஸ் 7 கருவி ஒன்றைப் பழையதாக வாங்கினேன். ஜிபிஎஸ் நன்றாக வேலை செய்கிறது. ஆனால் அதனுள் இருக்கும் வரைபடத்தில், மீன் கூடும் சேற்றுமேடுகளின் விளிம்பு எங்கே சரிகிறது என்பது புலப்படவில்லை. ஒருவர் தம்மிடம் உள்ள இரண்டு பழைய சிப்களை (கருவியில் செருகும் ஏரி ஆழ வரைபட அட்டைகளை) பாதி விலைக்குத் தருவதாகச் சொல்கிறார். ஒன்று லேக்மாஸ்டர் என்ற வரைபடத்தின் மினசோட்டாப் பதிப்பு, மற்றொன்று நேவியானிக்ஸ் என்ற வேறு நிறுவனத்தின் பழைய வரைபடம். எதை வாங்குவது? பழைய தரவு என்பதால் பணம் வீணாகுமா?

பதில் (பனித்துளையான்):
தரவின் வயதைக் குறித்து அதிகம் கவலைப்பட வேண்டாம். மில் லாக்ஸ் இயற்கை ஏரி. சுமார் 1,32,000 ஏக்கர் பரப்பும், மிக ஆழமான இடத்தில் 42 அடியும் கொண்ட அதன் அடித்தளம் பத்தாண்டுகளில் பெரிதாக மாறிவிடாது. நீர்மட்டம் ஏறி இறங்குவதை, லேக்மாஸ்டர் சிப் இருந்தால், நீர்மட்ட வேறுபாட்டை அடிக்கணக்கில் உள்ளிட்டுச் சரிசெய்துகொள்ளலாம். குறிப்பிட்ட ஆழத்துக்கு மட்டும் நிறம் கொடுக்கும் வசதியும் உண்டு. 24 முதல் 26 அடி வரை நிறம் கொடுத்துப் பாருங்கள், மேட்டின் விளிம்பு திரையில் நாடா போல் தெரியும். உங்கள் கருவி ஹம்மின்பேர்ட், லேக்மாஸ்டரும் அதே நிறுவனத்தின் வரைபடம் என்பதால் என் வாக்கு லேக்மாஸ்டருக்கே. நேவியானிக்ஸை 2017இல் போட்டி நிறுவனமான கார்மின் வாங்கியது. பழைய சிப்பில் முதல் உரிமையாளரின் இலவசப் புதுப்பிப்புக் காலம் முடிந்திருக்கும்; வரைபடம் அழியாது, ஆனால் புதியது வேண்டுமானால் மீண்டும் பணம் கட்ட வேண்டும்.

பதில் (தூண்டில் தாத்தா):
தம்பி, வயதைவிட உண்மைத்தன்மைதான் சிக்கல். இந்த வரைபடங்கள் அந்தந்த அட்டையோடு பூட்டப்பட்டவை. கோப்புகளைக் கணினி வழியாக வேறொரு அட்டைக்கு நகலெடுத்தால் கருவி அவற்றைக் காட்டாது. என்னிடம் ஒருவர் விற்ற சிப்பில் ஒட்டுத்தாள் அசல் போலவே இருந்தது. வீட்டுக்கு வந்து செருகினால் வெற்று அட்டை! முன்பு அதை யாரோ கேமராவில் போட்டு ‘ஃபார்மேட்’ செய்திருக்கிறார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. ஆகவே கருவியையும் 12 வோல்ட் பேட்டரியையும் கையோடு கொண்டுபோய், விற்பவர் முன்னிலையிலேயே செருகி, மில் லாக்ஸைப் பெரிதாக்கி, ஆழத்தை ஓரடிக்கு ஓரடி காட்டும் கோடுகள் வருகின்றனவா என்று பார்த்த பிறகே பணத்தை எடுங்கள். மைக்ரோ எஸ்டி அட்டையை அடாப்டரிலிருந்து வெளியே எடுத்து, பொன்னிறத் தொடுமுனைகளில் பச்சைக் களிம்பு உண்டா என்றும் பாருங்கள். ஈரத்தில் கிடந்த அட்டைகளுக்கு அதுவே எமன்.

பதில் (கரையோரம்):
ஒரே ஏரிக்காக மாநிலம் முழுவதற்குமான சிப் தேவையா என்பதையும் யோசியுங்கள். மாநில இயற்கை வளத் துறையின் இணையத்தளத்தில் ஏரிகளின் ஆழ வரைபடங்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. உங்களுடையது இரண்டாம் தலைமுறைக் கருவி என்றால் அதில் ஆட்டோசார்ட் லைவ் என்ற வசதி இருக்கும். நீங்கள் படகோட்டும் பாதையின் ஆழத்தை அது தானே வரைபடமாக்கி, எட்டு மணி நேரம் வரை பதிவு செய்துகொள்ளும். உங்களுக்குப் பிடித்த இரண்டு மூன்று மேடுகளுக்கு அதுவே போதும். பொறுமைதான் வேண்டும்.

பதில் (மில் லாக்ஸ் படகோட்டி):
மிக்க நன்றி. கருவியின் பின்புற ஒட்டுத்தாளைப் பார்த்தேன். முதல் தலைமுறைதான், ஆகவே பதிவு செய்யும் வழியை விட்டுவிட்டு லேக்மாஸ்டரையே எடுக்கலாம் என்றிருக்கிறேன். சனிக்கிழமை படகுத்துறைக்கு வரும்படி விற்பவரிடம் சொல்லியிருக்கிறேன், பேட்டரியை இப்போதே சார்ஜில் போட்டுவிட்டேன். கருவியைச் சோதிக்க வேண்டும் என்றதும் அவர் சற்றுத் தயங்கியது மட்டும் உறுத்துகிறது.