ஸ்பைடர்மேன் வீடியோ கேம்: ஈஸியில் வைத்தும் தம்பியால் ஆட முடியவில்லை, உதவி தேவை

பெரம்பூர்_பாலா:
அவசரம், தெரிந்தவர்கள் யாராவது சொல்லுங்கள். தம்பிக்கு ஸ்பைடர்மேன் என்றால் உயிர். ஆனால் வலையைப் பிடித்துப் பறக்கிற இடம் வந்தாலே கை வலிக்கிறது என்று கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிடுகிறான். பட்டனை விடாமல் தட்டச் சொல்லும் கட்டங்களில் அப்படியே மாட்டிக்கொள்கிறான். ஏற்கெனவே ஈஸியில்தான் இருக்கிறது, இதற்கு மேல் எப்படிக் குறைப்பது? ஞாயிற்றுக்கிழமை அவன் ஃப்ரெண்ட்ஸ் வருகிறார்கள், அதற்குள் சரியாக வேண்டும்.

ரிச்சி_ஸ்ட்ரீட்_ரவி:
எந்த ஸ்பைடர்மேன் ப்ரோ? 2018-ல் வந்ததா, மைல்ஸ் மொராலெஸா, 2-ஆ? பிளேஸ்டேஷன் 4 (பிஎஸ்4)-ஆ, பிஎஸ்5-ஆ, பிசியா? எதுவாக இருந்தாலும் டர்போ பட்டன் உள்ள கன்ட்ரோலர் ஒன்று வாங்கிவிடுங்கள். அழுத்திப் பிடித்தால் போதும், அதுவே தட்டிக்கொண்டிருக்கும்.

கோடம்பாக்கம்_குமரன்:
கை வலிக்கிறது என்றால் கன்ட்ரோலரில்தான் கோளாறு. ஆள்காட்டி விரலால் அழுத்தும் ட்ரிக்கர் பட்டனின் ஸ்பிரிங் இறுகியிருக்கும், என் கன்ட்ரோலரிலும் இப்படித்தான் இருந்தது. முதலில் கழற்றிச் சுத்தம் செய்யுங்கள்.

பழைய_பாஸ்:
ஈஸியிலும் முடியவில்லை என்றால் ஆட்டத்தில் குறை இல்லை தம்பி. பிஎஸ்1 காலத்திலிருந்து ஆடுகிறேன், எல்லோருக்கும் முதலில் கை வலிக்கும், பழகினால் தானாக வரும். கேட்கும் முன் பழைய இழைகளைப் படித்திருக்கலாம்.

மடிப்பாக்கம்_மீனா:
பாலா, எந்தக் கை, எந்த விரல்? வலி மட்டுமா, பிடிக்கவே பலம் இல்லையா? இதைச் சொன்னால்தான் வழி சொல்ல முடியும்.

பெரம்பூர்_பாலா:
பிஎஸ்5, ஸ்பைடர்மேன் 2. போன வருஷம் பைக் விபத்தில் வலது கையில் நரம்பு அடிபட்டுவிட்டது. கட்டைவிரல் நன்றாகவே வேலை செய்கிறது, மற்ற நான்கு விரல்களிலும் பிடி இல்லை. இடது கைக்கு ஒன்றும் இல்லை.

மடிப்பாக்கம்_மீனா:
அப்படியென்றால் ஈஸி, ஹார்ட் இரண்டுமே இதற்கு மருந்து இல்லை. ஈஸியில் எதிரி சீக்கிரம் விழுவான், அவ்வளவுதான். பறக்க வலது ட்ரிக்கரான ஆர்2-வை அழுத்திப் பிடித்தே ஆக வேண்டும் என்பது எந்த லெவலிலும் மாறாது, தம்பியைத் தடுப்பது அதுதான்.

பிஎஸ்5 செட்டிங்ஸில் ஆக்சஸிபிலிட்டி (உடல் சிரமம் உள்ளவர்களுக்கான வசதிகள்), அதற்குள் கன்ட்ரோலர்ஸ் போங்கள். ட்ரிக்கர் எஃபெக்ட் இன்டென்சிட்டியை ஆஃப் செய்யுங்கள். டூயல்சென்ஸ், அதாவது பிஎஸ்5 கன்ட்ரோலரின் ட்ரிக்கர் விரலை எதிர்த்துத் தள்ளுவது அதோடு நிற்கும். அங்கேயே பட்டன்களை மாற்றும் வசதியும் இருக்கிறது. ஆர்2-வை இடது ட்ரிக்கரான எல்2-வோடு மாற்றிவிட்டால் இடது ஆள்காட்டி விரலாலேயே பறக்கலாம். ஒன்றைத் தம்பியிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்: திரையில் ஆர்2 படம்தான் வரும், அவன் எல்2-வைத்தான் அழுத்த வேண்டும். வேறு கேம் ஆடும்போது இந்த மாற்றத்தை அணைத்துவிடுங்கள்.

அப்புறம் கேமுக்குள் இருக்கும் ஆக்சஸிபிலிட்டி மெனுவில், விடாமல் தட்டுவதை அழுத்திப் பிடிப்பதாக மாற்றலாம், கட்டைவிரல் போதும். அதுவும் கஷ்டம் என்றால் க்யூடிஇ (திரையில் காட்டும் பட்டனைச் சட்டென்று அழுத்தச் சொல்லும் கட்டங்கள்) தானாக முடிவதற்கே ஒரு ஆப்ஷன் உண்டு. சண்டையில் வேகத்தைக் குறைக்கவும் வழி இருக்கிறது.

வேளச்சேரி_விக்கி:
ரவி சொன்ன டர்போவை வாங்கிவிடாதீர்கள். கடைகளில் மலிவாகக் கிடைப்பதில் பாதி பிஎஸ்4-க்கானவை. பிஎஸ்5-ல் அவை பிஎஸ்4 கேம்களுக்கு மட்டும்தான் வேலை செய்யும், ஸ்பைடர்மேன் 2-க்கு ஆகாது. வீட்டில் இன்னொரு டூயல்சென்ஸ் இருந்தால் அசிஸ்ட் கன்ட்ரோலராகச் சேருங்கள், 2023 அப்டேட்டிலிருந்து இருக்கிறது. இரண்டு கன்ட்ரோலரும் ஒரே ஆளாக ஓடும். அவன் ஆடட்டும், முடியாத பட்டனை மட்டும் பக்கத்தில் உட்கார்ந்து நீங்கள் அழுத்துங்கள்.

பழைய_பாஸ்:
எல்லாம் தானாகவே நடந்தால் அப்புறம் விளையாட்டு எதற்கு, வீடியோ பார்த்துவிட்டுப் போகலாமே. 2019-ல் செகிரோ என்ற கடினமான கேம் வந்தபோதும் ஈஸி மோட் கேட்டு இப்படித்தான் கூச்சல். வைக்கவில்லை, அதனால்தான் அதை முடித்தவனுக்கு மரியாதை.

மடிப்பாக்கம்_மீனா:
செகிரோவை ஏன் இங்கே இழுக்கிறீர்கள் சார்? இங்கே யாரும் ஈஸி மோட் கேட்கவில்லை. 2020-ல் வந்த லாஸ்ட் ஆஃப் அஸ் பார்ட் 2-வில் 60-க்கும் மேற்பட்ட ஆக்சஸிபிலிட்டி செட்டிங்ஸ், கஷ்ட அளவு தனி. கண் தெரியாதவர்கள்கூட ஆடும்படி ஒலிக் குறிப்புகள் இருக்கின்றன, அத்தனையையும் போட்டுக்கொண்டு ஆகக் கடினமான லெவலிலும் ஆடலாம். 2018-ல் வந்த செலஸ்ட் எவ்வளவு கடினமான கேம் என்று உங்களுக்கே தெரியும். அதில் அசிஸ்ட் மோட் வைத்து, வேகத்தைக்கூட ஆடுபவரே குறைத்துக்கொள்ள விட்டார்கள். அதனால் அதை நேராக முடித்தவனின் மரியாதை எங்கே போயிற்று? அந்தப் பையனால் வலது கையால் ஒரு டம்ளரைப் பிடிக்க முடியுமா என்று யோசித்துப் பாருங்கள். பழகினால் வரும் என்று அவனிடம் சொல்லாதீர்கள்.

கோடம்பாக்கம்_குமரன்:
இரண்டு பேருமே கொஞ்சம் சரி. செகிரோவை உருவாக்கியவர்களுக்கும் இப்படித்தான் ஆட வேண்டும் என்று நினைக்க உரிமை இருக்கிறது இல்லையா?

வேளச்சேரி_விக்கி:
உரிமை இருக்கட்டும், கேமில் வரும் பெரிய எதிரி எத்தனை அடியில் சாக வேண்டும் என்பதை அவர்களே முடிவு செய்யட்டும். எந்த விரலால் அடிப்பது என்பது ஆடுகிறவன் பாடு. அதில் எந்தக் கலை கெட்டுவிடும்?

பழைய_பாஸ்:
எனக்குப் பட்டதைச் சொன்னேன். விபத்து விஷயம் முதலிலேயே எழுதியிருக்க வேண்டும்.

பெரம்பூர்_பாலா:
எல்2-க்கு மாற்றியாச்சு, ட்ரிக்கர் எஃபெக்ட் ஆஃப். நேற்று ராத்திரி அம்மா வந்து டிவியை நிறுத்தும்வரை பறந்துகொண்டிருந்தான். எல்2, ஆர்2 இரண்டையும் சேர்த்து அழுத்தும் இடம் மட்டும் வரவில்லை, பக்கத்து வீட்டு டூயல்சென்ஸை வாங்கி அசிஸ்ட் போட்டுப் பார்க்கிறேன். மீனா அக்கா, விக்கி, ரொம்ப நன்றி.

தண்டையார்பேட்டை_தாஸ்:
குறுக்கே கேட்கிறேன், அப்பாவுக்கு மூட்டுவாதம், எங்களிடம் பிஎஸ்4 தான் இருக்கிறது. அதிலும் பட்டன் மாற்ற முடியுமா?

ரிச்சி_ஸ்ட்ரீட்_ரவி:
முடியும் தாஸ். செட்டிங்ஸ், ஆக்சஸிபிலிட்டி, பட்டன் அசைன்மென்ட்ஸ். அப்பா எந்த கேம் ஆடுகிறார், எந்த விரல் மடங்கவில்லை? புது இழையாகப் போடுங்கள்.