மல்டிமீட்டர் பேட்டரித் தொல்லைகள்: உங்கள் அனுபவத்தைப் பகிருங்கள்

சார்ஜரைக் கழற்றிப் பல மணி நேரம் ஆகியிருந்த 12 வோல்ட் ஈய அமில பேட்டரி ஒன்றை அளந்தபோது, என் மல்டிமீட்டர் 13.6 வோல்ட் என்று காட்டியது. முழுதாகச் சார்ஜ் ஏறிய பேட்டரிகூட ஓய்வு நிலையில் 12.7 வோல்ட்டை ஒட்டித்தான் நிற்கும் என்பதால், சந்தேகம் மீட்டரின் மேலேயே எழுந்தது. சோதனைக் கம்பிகளைக் கழற்றிவிட்டுப் பின்மூடியைத் திறந்து, உள்ளிருந்த 9 வோல்ட் பேட்டரியை வேறொரு மீட்டரால் அளந்தேன். 6 வோல்ட்டைச் சற்றே தாண்டியிருந்தது. பேட்டரி தளர்ந்ததை எச்சரிக்கும் குறியீடு இந்த மாடலில் கிடையாது.

மலிவு விலை மீட்டர்கள் பலவற்றில் உள்ள 7106 வகைச் சிப், அளக்கப்படும் மின்னழுத்தத்தைத் தன்னிடமுள்ள ஓர் ஆதார மின்னழுத்தத்தால் வகுத்தே எண்ணைக் காட்டுகிறது. பேட்டரி ஏறத்தாழ 7 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் அந்த ஆதாரமும் சரியத் தொடங்கும்; வகுக்கும் எண் சிறுத்தால் ஈவு பெருகும், ஆகவே ரீடிங் உண்மைக்கு மேலே போகும். பேட்டரி குறைந்தால் ரீடிங்கும் குறையும் என்று நம்பியிருப்பவர்களுக்கு இது பிடிபடுவதேயில்லை. திரை பளிச்சென்று தெரிவதை வைத்து மட்டும் மீட்டரை நம்பாதீர்கள்.

மறுமொழி

ரீசார்ஜ் செய்யக்கூடிய 9 வோல்ட் பேட்டரி போட்டிருப்பவர்கள் அதன் உறையில் அச்சிட்டிருப்பதைப் படித்துப் பார்க்க வேண்டும். நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு வகையில் ஆறு செல்கள் மட்டும் இருந்தால் அது உண்மையில் 7.2 வோல்ட்தான், என் மீட்டர் அதைப் போட்ட சிறிது நேரத்திலேயே பேட்டரிக் குறியைக் காட்டிவிடுகிறது. ஏழு செல்கள் கொண்ட 8.4 வோல்ட் வகையில் அந்தத் தொல்லை இல்லை.

மறுமொழி

எனக்கு நேர்ந்தது வேறு வகை: புதிய ஆல்கலைன் பேட்டரியைப் போட்டுப் பெரும்பாலும் அணைத்தே வைத்திருந்தாலும் ஒன்றரை மாதத்துக்குள் தீர்ந்துவிடும். பேட்டரியின் ஒரு முனையில் மட்டும் ஸ்நாப்பை (பேட்டரி முனைகளில் அழுத்திப் பொருத்தும், கம்பிகள் கொண்ட இணைப்பியை) பொருத்தி, அதைச் சற்றுத் திருப்பி, பேட்டரியின் மற்ற முனைக்கும் ஸ்நாப்பின் மற்ற முனைக்கும் இடையே இன்னொரு மீட்டரை மில்லியாம்பியர் ரேஞ்சில் தொடராக இணைத்தேன். டயல் ‘ஆஃப்’ நிலையில் இருந்தும் அரை மில்லியாம்பியர் ஓடிக்கொண்டிருந்தது. இத்தகைய பேட்டரியின் கொள்ளளவு சுமார் 500 மில்லியாம்பியர் மணி என்பதால் கணக்கு சரியாகவே பொருந்தியது.

பழைய ஆல்கலைன் பேட்டரி கசிந்து விட்டுப்போன வெண்பொடி, போர்டில் டயலின் தொடுதடங்களுக்கு இடையே ஈரம் இழுத்துப் படிந்திருந்தது. அதன்மேல் வினிகரைத் துளியாக ஒற்றிக் காரத்தை முறித்து, பிறகு ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பல்துலக்கியால் தேய்த்து, நன்றாக உலரவிட்டதும் அந்த ஓட்டம் நின்றது.

அரித்துப்போயிருந்த ஸ்நாப்புக்குப் பதிலாக, தீர்ந்துபோன வேறொரு 9 வோல்ட் பேட்டரியின் மேல்தட்டைக் கழற்றி சால்டர் செய்துகொண்டேன். இதைச் செய்ய விரும்புவோர் ஒன்றைக் கவனிக்கவும்: அந்தத் தட்டின் பிளஸ் முனை புதிய பேட்டரியின் மைனஸ் முனையில்தான் பொருந்தும் என்பதால், பிளஸ் என்று குறித்த முனையில் கறுப்புக் கம்பியையும் மற்றதில் சிவப்புக் கம்பியையும் வைக்க வேண்டும்.