ஓநாய்க் கனவுக்கு ஃபிராய்டு சொன்ன அர்த்தத்தை நம்பலாமா?

கேள்வி:
உளவியல் தேர்வுக்காக, உளப்பகுப்பாய்வு முறையை உருவாக்கிய ஃபிராய்டின் 'ஓநாய் மனிதன்' வழக்கைப் படிக்கிறேன். ரஷ்யப் பணக்கார வீட்டுப் பையன், நாலு வயது முடியப்போகும் சமயத்தில் கண்டு, வளர்ந்த பிறகு ஃபிராய்டிடம் சிகிச்சைக்கு வந்தபோது சொன்ன கனவு: ஜன்னல் தானாகத் திறக்கிறது, வெளியே வால்நட் மரத்தில் ஆறேழு வெள்ளை ஓநாய்கள் அசையாமல் உட்கார்ந்து இவனையே பார்க்கின்றன, அலறிக்கொண்டு எழுந்துவிடுகிறான். அவ்வளவுதான். இதை வைத்து, ஒன்றரை வயதில் இவன் அப்பா அம்மா உறவுகொண்டதைப் பார்த்திருக்கிறான் என்கிறார் ஃபிராய்டு. ஓநாய் எப்படி அங்கே போய்ச் சேர்ந்தது? பல் விழுந்தால் இந்தப் பலன், பாம்பு வந்தால் அந்தப் பலன் என்று பஞ்சாங்கத்தில் போடுவதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

பதில் 1:
பஞ்சாங்கத்தில் பாம்பு யார் கனவில் வந்தாலும் ஒரே பலன். ஃபிராய்டு கனவைத் துண்டு துண்டாக்கி, இதைச் சொன்னதும் உனக்கு என்ன ஞாபகம் வருகிறது என்று கேட்பார். இவருக்கு வந்தவை: அக்கா ஒரு ஓநாய்ப் படத்தைக் காட்டிக் காட்டிப் பயமுறுத்தியது, ஆட்டுக்குட்டிகளை ஓநாய் விழுங்கும் கதை, தாத்தா சொன்ன வாலறுந்த ஓநாய்க் கதை. அப்புறம்தான் தலைகீழாக்கும் வேலை. ஜன்னல் திறந்தது என்றால் இவன் கண் திறந்தது, ஓநாய்கள் உற்றுப் பார்த்தன என்றால் பார்த்தது இவன், அசையாமல் இருந்தன என்றால் அங்கே பெரிய அசைவு. இங்கேதான் எனக்கும் இடிக்கிறது, தேவைப்படும்போதெல்லாம் கவிழ்த்துப் போடலாம் என்றால் எந்தக் கனவிலிருந்தும் எதையும் எடுத்துவிடலாமே.

பதில் 2:
கனவு கண்ட அந்த ஆளே ஃபிராய்டின் விளக்கத்தை நம்பவில்லை, அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். செர்கேய் பாங்கெயெவ், 1979 வரை உயிரோடு இருந்தவர். வயதான காலத்தில் ஒரு பத்திரிகையாளரிடம், அது வலிந்து சொன்ன விளக்கம், எங்கள் ஊரில் குழந்தைகள் ஆயா அறையில்தான் தூங்கும் என்றார்.

கேள்வி கேட்டவர்:
ஆனால் மலேரியா வந்ததால் பெற்றோர் அறையில் படுத்திருந்தான் என்று படித்தேனே?

பதில் 2:
அது ஃபிராய்டு போட்ட கணக்கு. பாங்கெயெவுக்கு அப்படி ஒரு காட்சி கடைசிவரை ஞாபகத்துக்கு வரவே இல்லை.

பதில் 3:
முறை புரிய வேண்டுமென்றால் 1895 ஜூலையில் ஃபிராய்டே கண்ட இர்மா கனவிலிருந்து ஆரம்பியுங்கள். இர்மா அவருடைய நோயாளி, குணமாகவில்லை, கனவில் அதற்குக் காரணம் அவளே, இல்லை உடம்பில் வேறு வியாதி, இல்லை இன்னொரு டாக்டர் போட்ட ஊசி. எப்படியோ, தப்பு என்னுடையது இல்லை. இரவல் வாங்கிய பாத்திரத்தை ஓட்டையாக்கியவன், நல்லபடியாகத்தான் திருப்பிக் கொடுத்தேன், வாங்கும்போதே ஓட்டை, நான் வாங்கவே இல்லை என்று மூன்றையும் ஒரே மூச்சில் சொன்ன மாதிரி என்று அவரே கேலி செய்துகொள்கிறார்.