ரா கோப்பில் இரைச்சலைக் குறைத்தால் நிறமும் சேர்ந்து போய்விடுகிறது, என்ன செய்வது?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். மேடை நிகழ்ச்சிகளைப் படம் எடுத்து வருகிறேன். ஃபிளாஷ் பயன்படுத்த முடியாத இடங்கள் என்பதால் பெரும்பாலும் ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 6400 வைத்து ரா கோப்பாகவே, அதாவது கேமரா பதப்படுத்தாத மூலப் பதிவாகவே, எடுக்கிறேன். இதுவரை பயன்படுத்திய மென்பொருளை விட்டுக் கட்டணமில்லாத வேறொன்றுக்கு மாறலாமா என்று பார்ப்பதற்காக, ஒரே கோப்பை இரண்டிலும் திறந்து, எந்த அமைப்பையும் தொடாமல் ஒப்பிட்டேன். பழையதில் படம் ஓரளவு சுத்தமாகத் தெரிகிறது. புதியதில் பின்னணித் திரை முழுவதும் சிவப்பும் பச்சையுமாக இரைச்சல் புள்ளிகள் இறைந்து கிடக்கின்றன. நிழற்பகுதியை வெளிச்சமாக்கினால் அதன்மேல் ஊதாச் சாயலும் ஏறிவிடுகிறது.

இரைச்சல் குறைப்பைக் கூட்டினால் புள்ளிகள் மறைகின்றன. ஆனால் ஆடையின் மெல்லிய சிவப்புக் கரை சாம்பலாகி, உதட்டின் நிறமும் கன்னத்தில் கசிகிறது. இரண்டிலும் ஒயிட் பேலன்ஸ் (விளக்கின் நிறத்தை ஈடுசெய்யும் அமைப்பு) 3200 கெல்வின்தான் வைத்தேன், இருந்தும் தோலின் நிறம் ஒன்றில் மஞ்சளாகவும் மற்றொன்றில் இளஞ்சிவப்பாகவும் வருகிறது. இவற்றில் எது சரியான நிறம்? புதிய மென்பொருளின் இரைச்சல் குறைப்புதான் மட்டமானதா?

மறுமொழி 1

உங்கள் ஒப்பீடு இரண்டு மென்பொருள்களையும் ஒரே இடத்தில் நிறுத்தித் தொடங்கவில்லை என்பதை முதலில் சொல்ல வேண்டும். எதையும் தொடாமல் திறந்த படம் என்று நாம் நினைப்பது, மென்பொருள் ஏற்கெனவே தொட்ட படம்தான். அடோபியின் லைட்ரூம் மென்பொருளை எடுத்துக்கொண்டால், ரா கோப்புகளுக்கு நிற இரைச்சல் குறைப்பு இயல்பாகவே 25 என்ற அளவில் இயங்கிக்கொண்டிருக்கும். ஒளிர்வு இரைச்சலுக்கான (நிறமில்லாமல் வெளிச்சத்தில் மட்டும் வரும் இரைச்சலுக்கான) அளவு மட்டும் சுழியில் இருக்கும். நிறப் புள்ளிகளை அது நீங்கள் பார்ப்பதற்கு முன்பே துடைத்துவிடுகிறது. இப்படி எதையும் முன்கூட்டிச் செய்யாத மென்பொருளில் அதே கோப்பு மோசமாகத் தெரிவது இயல்பே.

கெல்வின் எண்ணும் அப்படித்தான். ரா கோப்பில் கெல்வின் என்று எதுவும் வேலை செய்வதில்லை. சிவப்பு, பச்சை, நீல அலைவரிசைகளை எத்தனை மடங்காகப் பெருக்குவது என்ற எண்கள்தான் உண்டு. 3200 என்பதை அந்தப் பெருக்கெண்களாக மாற்ற ஒவ்வொரு மென்பொருளும் உங்கள் கேமராவுக்குத் தான் வைத்திருக்கும் அளவீட்டைப் பயன்படுத்துகிறது. ஆகவே எண்ணை ஒன்றாக்குவதில் பயனில்லை. படத்தில் உள்ள ஒரே சாம்பல் நிறப் பகுதியை இரண்டிலும் சொட்டுக்குழாய்க் கருவியால் தொட்டு ஒயிட் பேலன்ஸ் எடுங்கள்.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். இரைச்சல் ஒரு பிரச்சினை, நிறம் வேறொரு பிரச்சினை என்று பிரித்துப் பார்ப்பதால்தான் குழப்பம் வருகிறது. சென்சாரின் ஒரு புள்ளியில் 10,000 ஃபோட்டான்கள் விழுந்தால் அதில் ஏற்ற இறக்கம் ஏறத்தாழ 100, அதாவது நூற்றில் ஒரு பங்கு. 100 ஃபோட்டான்கள் மட்டுமே விழுந்தால் ஏற்ற இறக்கம் 10, அதாவது பத்தில் ஒரு பங்கு. மஞ்சள் விளக்கின் கீழே நீல அலைவரிசைக்கு வந்து சேரும் ஒளி மிகக் குறைவு. வெள்ளையை வெள்ளையாகக் காட்ட அந்த நீலத்தை இரண்டு மூன்று மடங்கு பெருக்கும்போது, அதிலிருக்கும் இரைச்சலும் அதே அளவுக்குப் பெருகுகிறது.

அதற்கடுத்த படி நிற மாற்ற அணி, அதாவது கேமராவின் நிறங்களைத் திரையின் நிறங்களாக மாற்றும் எண் அட்டவணை. கேமராவின் மூன்று வடிகட்டிகளும் ஒன்றன் எல்லைக்குள் ஒன்று புகுந்து ஒளியை உள்ளே விடுபவை. அந்த மங்கலான வேறுபாட்டிலிருந்து தெளிவான சிவப்பையும் பச்சையையும் பிரித்தெடுக்க, ஓர் அலைவரிசையிலிருந்து மற்றவற்றின் ஒரு பகுதியைக் கழிக்க வேண்டும். கழிக்கும்போது தகவல் சுருங்குகிறது, இரைச்சலோ கூடுகிறது. நிறங்களை அடர்த்தியாகக் காட்டும் புரொஃபைலை (கேமராவின் நிறங்களை எப்படிக் காட்டுவது என்று சொல்லும் கோப்பை) தேர்ந்தெடுத்தால் நிற இரைச்சல் கூடுவதற்கு இதுதான் காரணம். எனவே ஒயிட் பேலன்ஸையும் புரொஃபைலையும் முடிவு செய்த பிறகே இரைச்சல் குறைப்பைத் தொடுங்கள். வரிசையை மாற்றினால் அதே வேலையை மறுபடியும் செய்ய வேண்டியிருக்கும்.

மறுமொழி 2

நிழலில் வரும் ஊதாச் சாயலுக்கு விடை கருப்பு நிலையில் இருக்கிறது. சென்சார் முழு இருட்டிலும் சுழியைப் பதிவு செய்வதில்லை. 512 போன்ற ஓர் எண்ணை அடித்தளமாக வைத்து, அதற்குச் சற்று மேலும் கீழுமாகவே பதிவு செய்கிறது. மென்பொருள் அந்த 512-ஐக் கழிக்கும்போது கீழே இருந்தவை எதிர்ம எண்களாகின்றன. அவற்றைச் சுழியாக வெட்டிவிட்டால் மேலே இருந்தவை மட்டும் மிஞ்சி, சராசரி சுழிக்கு மேலே ஏறிவிடுகிறது. பிறகு ஒயிட் பேலன்ஸ் சிவப்பையும் நீலத்தையும் பச்சையைவிட அதிகமாகப் பெருக்குவதால், கருப்பாக இருக்க வேண்டிய இடம் ஊதாவாகிறது. அடித்தள எண்ணைக் குறைத்து எடுத்துக்கொண்டாலும் இதே விளைவுதான்.

கட்டணமில்லாத ரா மென்பொருள்களான ராதெரபியிலும் டார்க்டேபிளிலும் இந்தக் கருப்புப் புள்ளியைக் கையால் மாற்ற முடியும். லென்ஸ் மூடியைப் போட்டபடி அதே ஐஎஸ்ஓவில் ஒரு படம் எடுத்து, அதன் சராசரி மதிப்பைப் பார்த்தால் உங்கள் கேமராவுக்கான எண் தெரிந்துவிடும்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் மிக்க நன்றி. கருப்புப் புள்ளியைச் சற்று உயர்த்தியதும் ஊதாச் சாயல் பெரும்பாலும் போய்விட்டது. சாம்பல் பகுதியைத் தொட்டு ஒயிட் பேலன்ஸ் எடுத்ததில் தோலின் நிறமும் நெருங்கி வந்திருக்கிறது, ஆனால் இன்னும் ஒன்றாகவில்லை. சிவப்புக் கரை மட்டும் அப்படியே சாம்பலாகத்தான் இருக்கிறது. செயற்கை நுண்ணறிவால் இரைச்சல் நீக்கும் மென்பொருளுக்குப் போவது இதற்குத் தீர்வாகுமா?

மறுமொழி 3

முதல் மறுமொழியில் சொன்ன வரிசையோடு எனக்கு ஓரளவு கருத்து வேறுபாடு உண்டு. நீங்கள் நகர்த்தும் வரிசை அதுவாக இருக்கலாம். மென்பொருளுக்குள்ளே கணக்கு நடக்கும் வரிசை வேறு. சென்சாரின் ஒவ்வொரு புள்ளியும் ஒரு நிறத்தை மட்டுமே அளக்கிறது. பேயர் அமைப்பில் பாதிப் புள்ளிகள் பச்சை, கால் பங்கு சிவப்பு, கால் பங்கு நீலம். விடுபட்ட இரண்டு நிறங்களை அண்டைப் புள்ளிகளிலிருந்து ஊகித்து நிரப்புவதுதான் டிமொசைக்கிங். அந்த ஊகத்தின்போதே ஒரு புள்ளியின் இரைச்சல் அண்டைப் புள்ளிகளிலும் பரவித் திட்டாகிவிடுகிறது. திட்டானதைப் பிறகு நீக்குவது கடினம். ராதெரபியில் டிமொசைக்கிங் முறையை நீங்களே தேர்ந்தெடுக்கலாம். நுண்விவரங்களுக்கு அமேஸ் என்ற முறை சிறந்தது, ஆனால் உயர் ஐஎஸ்ஓ படங்களுக்கு எல்எம்எம்எஸ்இ அல்லது ஐஜிவி முறையை முயன்று பாருங்கள். டார்க்டேபிளில் இரைச்சல் குறைப்புக்கு பல கேமராக்களைப் பல ஐஎஸ்ஓ அளவுகளில் முன்பே அளந்து வைத்த தரவு இருக்கிறது. அந்த மாடியூலை இயக்கினால் போதும், பெரும்பாலும் அளவைக் கூட்டத் தேவையிருக்காது.

கரை சாம்பலாவதற்குக் காரணம் எளிது. நிற இரைச்சலை நீக்கும் கருவி, நிறத்தை மட்டும் தனியே பிரித்து அகலமான வட்டத்தில் சராசரி எடுக்கிறது. கரையின் அகலம் அந்த வட்டத்தைவிடச் சிறியதாக இருந்தால் அதன் சிவப்பு சுற்றியுள்ள துணியில் கரைந்துதான் போகும். நிற அளவைப் புள்ளிகள் மறையும் எல்லையோடு நிறுத்திவிடுங்கள். ஒளிர்வு இரைச்சலைக் கொஞ்சம் விட்டுவையுங்கள். பெருக்கிப் பார்க்கும்போது தெரியும் மணல் போன்ற அந்த இரைச்சல், படத்தை நீள அகலத்தில் பாதியாகச் சுருக்கும்போது நான்கு புள்ளிகள் ஒன்றாவதால் ஏறத்தாழ பாதியாகிவிடும். படத்தை 100 விழுக்காட்டுப் பெருக்கத்தில் வைத்துத் தீர்ப்புச் சொல்வதுதான் பல நல்ல படங்களைக் கெடுக்கிறது என்பது என் உறுதியான எண்ணம்.

நீங்கள் கேட்ட செயற்கை நுண்ணறிவு முறைகள் இந்த இடத்தில்தான் உண்மையாகவே உதவுகின்றன. 2020-இல் டிஎக்ஸ்ஓ நிறுவனம் கொண்டுவந்த டீப்பிரைமும், 2023 ஏப்ரலில் லைட்ரூமில் சேர்ந்த டீநாய்ஸும் டிமொசைக்கிங்கையும் இரைச்சல் நீக்கத்தையும் ஒரே கணக்காகச் செய்கின்றன. இரைச்சல் திட்டாவதற்கு முன்பே பிடித்துவிடுவதால் மெல்லிய கரைகள் பெரும்பாலும் தப்புகின்றன. ஆனால் தவறான புரொஃபைலை அவை திருத்தித் தராது.

மறுமொழி 1 எழுதியவர்

டிமொசைக்கிங் பற்றிய கருத்தை ஏற்கிறேன். எது சரியான நிறம் என்ற கேள்விக்கு இன்னும் யாரும் விடை சொல்லவில்லை என்பதால் எழுதுகிறேன்.

தோலின் நிறம் ஒன்றாகாததற்கு டோன் கர்வ், அதாவது வெளிச்சத்தையும் மாறுபாட்டையும் மாற்றும் வளைகோடு, ஒரு காரணம். மூன்று அலைவரிசைகளையும் தனித்தனியே வளைக்கும் கர்வ், மாறுபாட்டைக் கூட்டும்போது நிறத்தின் அடர்த்தியையும் கூட்டி, நிறத்தையே சற்றுத் திருப்பிவிடும்; வெளிச்சமான தோல் மஞ்சள் பக்கம் சாய்வது பெரும்பாலும் இதனால்தான். இரண்டிலும் கர்வை நேர்கோடாக்கிவிட்டுப் பாருங்கள், வேறுபாடு இன்னும் சுருங்கும்.

மீதமிருப்பது புரொஃபைல். எந்தக் கேமராவின் வடிகட்டியும் மனிதக் கண்ணைப் போலவே ஒளியைப் பிரிப்பதில்லை. ஆகவே எல்லா நிறங்களுக்கும் எல்லா விளக்குகளுக்கும் பொருந்தும் புரொஃபைல் இருக்க முடியாது. டிஎன்ஜி (அடோபியின் ரா கோப்பு வடிவம்) புரொஃபைல்கள் வழக்கமாக இரண்டு ஒளிகளில் அளந்தவை: இழை விளக்கைக் குறிக்கும் 2856 கெல்வின், பகல் ஒளியைக் குறிக்கும் ஏறத்தாழ 6500 கெல்வின். உங்கள் மேடையில் இருப்பது எல்இடி விளக்கு என்றால் இரண்டுமே அதற்குப் பொருந்தாது. நிகழ்ச்சிக்கு முன் அந்த விளக்கின் கீழ் 24 கட்ட நிற அட்டையைப் படமெடுத்துப் புரொஃபைல் உருவாக்கிக்கொண்டால், தோலின் நிறம் நிலையாக வரும். விளக்கு தூய நீலமாகவோ ஊதாவாகவோ இருக்கும்போது அட்டையும் உதவாது. அந்தப் படங்களில் நீலத்தின் அடர்த்தியைக் குறைத்து முக விவரத்தைக் காப்பாற்றுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.