மறு: சமூக ஊடகக் கணக்குத் தரவை எடுத்து வைப்பதற்கு ‘காப்புப்பிரதி’ பொருந்துமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

சமூக ஊடகக் கணக்கில் உள்ள நம் தரவை நாமே எடுத்து வைத்துக்கொள்வதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்ற கேள்விக்கு, ‘பேக்கப்’ என்பதற்கு ஏற்கெனவே இருக்கும் ‘காப்புப்பிரதி’யையே வைத்துக்கொள்ளலாம் என்று சிலர் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு உடன்பாடு இல்லை. சொல் நல்ல சொல்தான். கைபேசி, கணினி இரண்டிலும் நிலைத்துவிட்டது. ஆனால் கைபேசி தொலைந்தாலும் வட்டு பழுதானாலும் பழைய நிலைக்குத் திரும்பலாம் என்ற உறுதி அந்தச் சொல்லுக்குள் இருக்கிறது. திரும்ப வழியே இல்லாத இடத்தில் அதை எழுதினால், படிப்பவர் நம்பி ஏமாறுவார்.

ஃபேஸ்புக் 2010-இல் தகவலைப் பதிவிறக்கும் வசதியைத் தந்தது. கூகுள் கணக்குத் தரவை இறக்கித் தரும் கூகுள் டேக்அவுட் 2011-இல் வந்தது, ட்விட்டரின் (இப்போது எக்ஸ்) வசதி 2012 இறுதியில். எல்லாவற்றிலும் நடைமுறை ஏறத்தாழ ஒன்றுதான். நாம் கேட்கிறோம், நம் பதிவுகளையும் படங்களையும் திரட்டி ஜிப் கோப்பாகக் கட்டித் தருகிறார்கள், இறக்கிக்கொள்ளும் இணைப்பு சில நாட்களில் காலாவதியாகிவிடும். அந்த ஜிப்பைத் திரும்ப ஏற்றிப் பழைய கணக்கை உயிர்ப்பிக்க வழி கிடையாது. கிடைப்பதும் முழுமையானதல்ல. ட்விட்டர் தொகுப்பில் நாம் எழுதியவை இருக்கும், அவற்றுக்குப் பிறர் எழுதிய மறுமொழிகள் இருக்காது. பத்து பேர் பேசிய இழையில் நம் குரல் மட்டும் மிஞ்சும்.

கூகுள் நடத்திய சமூக வலைத்தளமான ஆர்க்குட்டை நினைத்துப் பாருங்கள். 2014 செப்டம்பர் 30 அன்று மூடினார்கள். பயனர்கள் தங்கள் தரவை எடுத்துக்கொள்ள 2016 செப்டம்பர் வரை அவகாசம் இருந்தது. எடுத்தவர்கள் அதை எங்கே மீட்டமைப்பது? தளமே இல்லை. அவர்கள் செய்த வேலைக்குத்தான் நாம் பெயர் தேடுகிறோம்.

பலர் தனித்தனியே நடத்தும் வழங்கிகளில் (சர்வர்) இயங்கும் சமூக வலைத்தளமான மாஸ்டடான் இன்னும் தெளிவான சான்று. நாம் பின்தொடர்பவர்களின் பட்டியலை அங்கே ஏற்றுமதி செய்து, வேறொரு வழங்கியில் தொடங்கிய புதிய கணக்கில் இறக்குமதி செய்யலாம். பதிவுகளின் தொகுப்பையும் கேட்டு வாங்கலாம், ஆனால் அதை எங்கும் ஏற்ற முடியாது. ஒரே பக்கத்தில் இருவேறு செயல்கள்! முதலாவதற்கு ‘ஏற்றுமதி’ இருக்கட்டும். துறைமுக வாடை அடிக்கிறது என்று ஒருவர் குறைபட்டிருந்தார். மென்பொருளில் பழகிவிட்ட சொல், அதைக் கலைக்க வேண்டாம். இரண்டாவதற்குத்தான் சொல் இல்லை.

‘பதிவிறக்கம்’ மிகப் பொதுவானது. ஒரு பாட்டை இறக்குவதும் பதிவிறக்கம்தான். ‘தரவெடுப்பு’ காதுக்கு இனிமை, ஆனால் எடுப்பவர் யார்? நிறுவனம் நம்மிடமிருந்து தரவை எடுக்கிறது என்ற பொருளும் அதில் ஏறிவிடும், இந்த இடத்தில் அந்தக் குழப்பம் கூடவே கூடாது. ‘தரவு மீட்பு’ பழுதான வட்டிலிருந்து மீட்பதற்குப் போய்விட்டது. ‘தரவுப்படி’ (‘படி’ என்றால் நகல்) எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் வாக்கியத்தில் போட்டால் ‘தரவின்படி’ என்று வாசிக்கத் தோன்றுகிறது. ‘கணக்குப்படி’ என்றால் கேட்கவே வேண்டாம்.

என் பரிந்துரை: படியெடுப்பு. வினை ‘படியெடு’. ‘படி’ ஈற்றில் நிற்காமல் முன்னால் வருவதால் அந்தக் குழப்பம் தீர்கிறது. கல்வெட்டுத் துறையில் இது அன்றாடச் சொல். கல்லின் மேல் ஈரத்தாளை ஒற்றி, மை பூசி எழுத்துகளை எடுப்பதைப் படியெடுத்தல் என்கிறார்கள். கல் கோயில் சுவரிலேயே இருக்கும், அதன்மேல் நமக்கு அதிகாரம் இல்லை. சுவர் இடிந்தாலும் தாளில் எடுத்த வாசகம் நம்மிடம் இருக்கும். ஆனால் அந்தத் தாளை வைத்துச் சுவரைத் திரும்பக் கட்ட முடியாது. நமக்கு வேண்டிய பொருள் முழுவதும் இதில் இருக்கிறது.

ஐரோப்பிய ஒன்றியத்தின் தரவுப் பாதுகாப்புச் சட்டமான ஜிடிபிஆர், 2018 மே 25 முதல் நடைமுறையில் உள்ளது. அதன் 20-ஆம் பிரிவு தன் தரவைக் கணினி படிக்கும் வடிவில் பெறவும், அதை வேறு சேவைக்குக் கொண்டுபோகவும் உரிமை தருகிறது. பெறுவதைப் படியெடுப்பு எனலாம். கொண்டுபோவதற்கு ‘தரவுப் பெயர்வு’ என்று முன்பே இங்கே பேசியிருக்கிறோம், அது அப்படியே இருக்கட்டும்.

அப்புறம், உதவிப்பக்கம் எழுதுபவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஃபேஸ்புக் தரும் தொகுப்பில் எச்டிஎம்எல் (உலாவியில் திறந்து படிப்பது), ஜேசான் (மென்பொருள் படிப்பதற்கானது) என்று இரண்டு வடிவங்கள் உண்டு. ஜேசானில் தமிழ் சிதைந்து வருவதைப் பலர் கண்டு, தரவே போய்விட்டதென்று நினைத்துக் கோப்பை அழித்திருக்கிறார்கள். போகவில்லை. எழுத்துகளைப் பைட்டுகளாகச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒரு தமிழ்க் குறியீட்டுக்கு மூன்று பைட்டுகள். ஒவ்வொரு பைட்டையும் தனி எழுத்தாக எழுதிவிடுவதால் வரும் கோளாறு இது. அந்த எழுத்துகளை லத்தீன்-1 (ஓர் எழுத்துக்கு ஒரு பைட் என்ற பழைய முறை) என்று கொண்டு பைட்டுகளாக மாற்றி, யூடிஎஃப்-8 ஆகத் திரும்ப வாசித்தால் தமிழ் வந்துவிடும். வெறுமனே படித்துப் பார்க்க விரும்புபவருக்கு எச்டிஎம்எல் போதும் என்று முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள்.

திரையில் வரக்கூடிய வரிகள் சில:

உங்கள் தரவைப் படியெடுங்கள்.
படியெடுப்பு நடக்கிறது, முடிந்ததும் மின்னஞ்சல் வரும்.
கணக்கை நீக்கும் முன் படியெடுத்துவிட்டீர்களா?

மூன்றாவது வரி கொஞ்சம் நீளம், சிறிய திரையில் உடையும் என்று நினைக்கிறேன். மாற்றுச் சொல் தருபவர்கள் இதே வரிகளில் பொருத்தி எழுதினால் ஒப்பிட வசதியாக இருக்கும்.